72 ஓட்டு வித்தியாசத்தில் ஒரு மரணம்

நேயர்களுக்கு என் வணக்கம்.

1988ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் காமிக்ஸ் வாசகர்கள் ஓட்டுப் போட்டு ஒரு பையனைச் சாகடித்தார்கள். அவன் பெயர் ஜேசன் டாட். பேட்மேனுக்குத் துணையாக வரும் ராபின் அவன். முதல் ராபின் வளர்ந்து ஆளாகித் தனிவழி போய்விட்டதால் அந்த இடத்துக்கு வந்தவன். தெருவில் வளர்ந்தவன், முன்கோபக்காரன், சொன்ன பேச்சைக் கேட்காதவன். வாசகர்கள் பலருக்கு அவனைப் பிடிக்கவில்லை. ‘பேட்மேன்’ 427ஆம் இதழில், பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கர் அவனைக் கடப்பாரையால் அடித்துப் போட்டுவிட்டு, எத்தியோப்பியாவில் ஒரு கிடங்குக்குள் வெடிகுண்டோடு விட்டுவிட்டுப் போகிறான். கிடங்கு வெடிக்கிறது. இதழின் கடைசியில் இரண்டு தொலைபேசி எண்கள். ஒன்றைக் கூப்பிட்டால் பையன் பிழைப்பான், இன்னொன்றைக் கூப்பிட்டால் சாவான். ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம்.

பதிப்பாளர்கள் இரண்டு முடிவுகளையும் வரைந்து தயாராக வைத்திருந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை நாள் தொலைபேசிகள் ஓயவில்லை. பிழைக்கட்டும் என்று 5,271 அழைப்புகள். சாகட்டும் என்று 5,343. வித்தியாசம் வெறும் 72. அடுத்த இதழில் பேட்மேன் இடிபாடுகளுக்குள்ளிருந்து பையனின் உடலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

நான் குற்றவியல் வழக்குகளில் ஆஜராகும் வக்கீல். சூப்பர் ஹீரோக்களும் வில்லன்களும் சந்திக்கும் தர்மசங்கடங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த வாக்கெடுப்புதான். காரணம், அந்தக் கதைகளில் பறப்பதும் அடிப்பதும் எத்தனை இருந்தாலும், அடியில் இருப்பது ஒரே ஒரு கேள்வி: இன்னொரு உயிரைப் பற்றித் தீர்ப்பு சொல்ல யாருக்கு உரிமை?

ஜேசனைக் கொன்ற ஜோக்கரை எடுத்துக்கொள்வோம். இவனைப் பேட்மேன் ஏன் கொல்லவில்லை என்று கேட்காத வாசகரே கிடையாது. பிடிக்கிறார், ஒப்படைக்கிறார், அவன் தப்புகிறான், மறுபடி கொல்கிறான். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1939இல் பாப் கேனும் பில் ஃபிங்கரும் உருவாக்கிய பேட்மேன் கொல்லத் தயங்காதவர். முதல் கதையிலேயே ஒரு குற்றவாளி அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான். இவனைப் போன்ற ஆளுக்கு இதுதான் பொருத்தமான முடிவு என்று சொல்லிவிட்டுப் போகிறார் பேட்மேன். 1940இல் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடவும் செய்தார். அதற்குப் பிறகுதான் ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த், இனி இவர் துப்பாக்கி தூக்கவும் கூடாது, கொல்லவும் கூடாது என்று முடிவு செய்தார்.

ஜோக்கர் பிழைத்ததும் அவரால்தான். 1940இல் வந்த பேட்மேன் முதல் இதழில் ஜோக்கர் இரண்டு கதைகளில் வருகிறான். இரண்டாவது கதையில் சண்டையின் நடுவே தன் கத்தியே தன் நெஞ்சில் பாய்ந்து அவன் சாவதாகத்தான் முதலில் இருந்தது. நல்ல வில்லனை இப்படி வீணாக்கலாமா என்று, கடைசி நேரத்தில் ஒரே ஒரு படக்கட்டத்தைச் சேர்க்க வைத்தார்கள். ஆம்புலன்ஸில் வைத்துப் பார்க்கிற மருத்துவர், இவன் இன்னும் உயிரோடு இருக்கிறான், பிழைத்துவிடுவான் என்கிறார்.

மாதாமாதம் இதழ் வர வேண்டும், அதற்கு வில்லன் உயிரோடு இருக்க வேண்டும். வியாபாரத்துக்காக உயிரோடு வைக்கப்பட்டவன் அடுத்தடுத்த கதைகளில் கொன்றுகொண்டே போனான். அந்தப் பழி முழுவதும் மெல்ல மெல்லப் பேட்மேன் தலையில் வந்து விழுந்தது. எந்த அவசரத்தில் தொடங்கியிருந்தாலும் சரி, பின்னால் வந்த எழுத்தாளர்கள் அந்தப் பழியைத் தட்டிக்கழிக்காமல் கதைக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

2006இல் வந்த 650ஆம் இதழில் அந்த ஜேசனே திரும்பி வந்து நிற்கிறான். ஓட்டுப் போட்டுச் சாகடிக்கப்பட்ட அதே பையன், இப்போது வளர்ந்து, ரெட் ஹுட் என்ற பெயரில் குற்றவாளிகளைக் கொன்றுகொண்டிருக்கிறான். ஜோக்கரைப் பிடித்து அவன் தலையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பேட்மேனைக் கேட்கிறான். நீங்கள் என்னைக் காப்பாற்றாமல் போனதைக் கூட மன்னித்துவிட்டேன், ஆனால் இவன் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான்? உலகத்தில் உள்ள எல்லாக் குற்றவாளிகளையும் கொல்லச் சொல்லவில்லை, பெங்குவினையோ ஸ்கேர்குரோவையோ டென்ட்டையோ கேட்கவில்லை, இவன் ஒருவனை மட்டும்தான் கேட்கிறேன், ஏனென்றால் இவன்தான் என்னை உங்களிடமிருந்து பறித்தவன் என்கிறான்.

இதைப் படிக்கும்போது மனசு கலங்கிவிடும். நீதி கேட்பவனின் குரல் மட்டும் அல்ல இது. அப்பா, நான் உனக்கு முக்கியமா இல்லையா என்று ஒரு பிள்ளை கேட்கிற கேள்வியும் இதற்குள் இருக்கிறது. பேட்மேன் சொல்லும் பதில் என்ன? கொல்வது கஷ்டம் என்பதல்ல, அது ரொம்பச் சுலபம் என்கிறார். அவனைச் சித்திரவதை செய்து கொல்ல வேண்டும் என்று தான் நினைக்காத நாளில்லை, ஆனால் ஒருமுறை அந்த இடத்துக்கு இறங்கினால் தன்னால் திரும்பி வரவே முடியாது என்கிறார்.

உண்மையான பதில்தான். ஆனால் எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் அது முழுக்க முழுக்கப் பேட்மேனைப் பற்றிய பதில். என் மனம் கெட்டுப்போகும், நான் மாறிவிடுவேன் என்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் எதிரே நின்று, உங்கள் மனசாட்சி சுத்தமாக இருப்பதற்காக என் பிள்ளை சாக வேண்டுமா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

நான் சொல்லும் பதில் வேறு. கண்ணெதிரே ஒருவன் குழந்தையின் கழுத்தில் கத்தியை வைத்திருக்கிறான், வேறு வழியே இல்லை என்றால், அவனைத் தடுக்கும்போது அவன் உயிர் போனாலும் சட்டம் அதைப் புரிந்துகொள்ளும். தற்காப்புக்கும் பிறரைக் காப்பதற்கும் எல்லா நாட்டுச் சட்டத்திலும் இடம் உண்டு. ஆனால் பிடிபட்டுக் கைகட்டிக் கிடப்பவனைக் கொல்வது தண்டனை. தண்டனை தர விசாரணை வேண்டும், சாட்சி வேண்டும், எதிர்த்தரப்பு பேச வேண்டும், தீர்ப்பு எழுதியவர் அதன் கீழ் கையெழுத்துப் போட வேண்டும். மேல்முறையீட்டில் அது தவறு என்று சொல்ல இன்னொருவர் இருக்க வேண்டும். பேட்மேனுக்கு முகமே கிடையாது, முகமூடிதான் உண்டு. அவர் எழுதும் தீர்ப்பை எந்த மன்றத்தில் போய் எதிர்ப்பது? அவர் கொல்லாமல் இருப்பது ஜோக்கர் மீதுள்ள கருணையால் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த அதிகாரத்தை ஊர் தனக்குத் தரவில்லை என்று ஒருவன் ஒப்புக்கொள்வது அது. கையில் பலம் இருந்தும் ஒப்புக்கொள்வது.

அதே 1988இல் வந்த ‘தி கில்லிங் ஜோக்’ கதையில் இதைச் சொல்ல எல்லோரையும் விடத் தகுதியுள்ள ஒருவர் சொல்கிறார், போலீஸ் கமிஷனர் கார்டன். ஜோக்கர் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கதவைத் திறந்த மகள் பார்பராவைச் சுடுகிறான். அதன் பிறகு அவளால் நடக்க முடியவில்லை. கார்டனைக் கடத்திப்போய், துணிகளை உருவிவிட்டு, ரத்தத்தில் கிடக்கும் மகளின் படங்களை அவர் கண்முன் காட்டுகிறான். மோசமான ஒரே ஒரு நாள் போதும், எப்பேர்ப்பட்ட நல்லவனும் பைத்தியமாகிவிடுவான் என்று நிரூபிப்பதுதான் அவன் நோக்கம். பேட்மேன் வந்து மீட்கிறார். அப்போது கார்டன் சொல்கிறார்: அவனைப் பிடித்து வா, ஆனால் சட்டப்படி பிடித்து வா. நம் வழி செல்லும் என்பதை அவனுக்குக் காட்டியாக வேண்டும்.

பேட்மேன் சொன்னால் அது அவருடைய கொள்கை. மகளைப் பார்த்த அந்தக் கண்களோடு கார்டன் சொல்லும்போது அதன் எடையே வேறு.

ஆனால் இந்த வழி செல்ல வேண்டுமென்றால் நீதிமன்றம் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். இங்கேதான் பேட்மேனின் ஊரான காத்தம் நகரம் தோற்கிறது. ஜோக்கரைப் புத்தி சுவாதீனமில்லாதவன் என்று ஆர்க்கம் மனநலக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். 1843இல் லண்டனில் மெக்நாட்டன் என்பவர், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். அந்த வழக்கை ஒட்டி ஒரு விதி பிறந்தது. செய்யும் செயல் இன்னதென்றே தெரியவில்லை, அல்லது அது தவறு என்று தெரியவில்லை, அப்படிப்பட்ட மனநோய் இருந்தால்தான் தண்டனையிலிருந்து விலக்கு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் அந்த வழியில் வந்தவைதான். ஜோக்கர் மாதக்கணக்கில் திட்டம் போடுகிறான், தப்பிக்கும் வழியை முதலிலேயே பார்த்து வைக்கிறான், தவறு என்று தெரிந்தேதான் செய்கிறான். இந்த அளவுகோலை வைத்தால் அவனுக்கு விலக்கு கிடைக்காது. காவலில் இருப்பவனைத் தப்பவிட்ட பொறுப்பு காப்பகத்துக்கும் அரசுக்கும் உரியது. அவர்கள் செய்யாமல் விட்ட வேலையை முகமூடி போட்ட ஒருவர் துப்பாக்கியால் செய்து முடிக்கட்டும் என்பது ஆபத்தான ஆசை. அந்த ஆசை கதைகளில் மட்டும் இருப்பதல்ல. என்கவுன்டர் செய்தி வரும்போதெல்லாம் இனிப்பு கொடுப்பவர்களை நாம் பார்க்கிறோம். இறந்தவன்தான் அந்தக் குற்றத்தைச் செய்தவனா என்று விசாரித்துச் சொல்ல அப்புறம் யாருமே இருப்பதில்லை.

சரி, தனி ஒருவர் முடிவெடுக்கக் கூடாது என்றால் கூட்டமாக ஓட்டுப் போட்டு எடுக்கலாமா? 2008இல் வந்த ‘தி டார்க் நைட்’ படத்தில் அந்த இரண்டு படகுகள் வருகிற இடத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு படகில் ஊர்மக்கள், இன்னொன்றில் சிறைக் கைதிகள். இரண்டிலும் வெடிகுண்டு. ஒவ்வொரு படகிலும் மற்றப் படகை வெடிக்க வைக்கும் கருவி இருக்கிறது. நள்ளிரவுக்குள் யாராவது அழுத்தாவிட்டால் இரண்டுமே போய்விடும் என்கிறான் ஜோக்கர். மக்கள் இருக்கும் படகில் சீட்டு எழுதி வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். கைதிகளை வெடித்துவிடலாம் என்ற பக்கம்தான் ஓட்டு அதிகம். ஆனால் எண்ணி முடித்த பிறகு கருவியைத் தொட ஒரு கையும் நீளவில்லை. கோட்டு போட்ட ஒருவர் எழுந்து, நான் செய்கிறேன் என்று அதைக் கையில் எடுக்கிறார், பார்க்கிறார், பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறார். மற்றப் படகில் ஆஜானுபாகுவான ஒரு கைதி அதிகாரியிடம் வந்து, நீங்கள் முன்பே செய்திருக்க வேண்டியதை நான் செய்கிறேன், கொடுங்கள் என்று கருவியை வாங்குகிறார். வாங்கியதும் ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே போடுகிறார்.

1988இல் தொலைபேசியில் ஓட்டுப் போட்டவர்களில் எவரையும் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். கதாபாத்திரம்தானே என்று நினைத்திருப்பார்கள். ஆனால் எண்ணைச் சுழற்றுவது சுலபம், சீட்டில் எழுதுவதும் சுலபம். தன் கையால் செய்ய வேண்டிய நேரம் வரும்போதுதான் அது என்ன என்று தெரிகிறது.

வில்லன்களுக்கும் இந்த இக்கட்டு உண்டு. என்னைக் கேட்டால், அவர்களுடையதுதான் இன்னும் ஆழமானது. நம் ஊரில் 1972இல் முத்து காமிக்ஸ் வழியாக வந்து பிள்ளைகளின் மனதைப் பிடித்த இரும்புக்கை மாயாவியே, கண்ணுக்குத் தெரியாமல் போகும் சக்தி கிடைத்ததும் முதலில் குற்றம் செய்யப் போனவன்தான். பிறகுதான் திருந்தினான். ஆனால் நான் சொல்ல விரும்புவது மேக்னெட்டோவைப் பற்றி.

பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்ட மனிதர்களைப் பற்றிய எக்ஸ்-மென் கதைகளில் வருபவர் மேக்னெட்டோ. இரும்பையும் காந்தப் புலத்தையும் ஆட்டிவைப்பவர். 1963இல் வந்தபோது சாதாரண வில்லன்தான், உலகை ஆளத் துடிப்பவர். கிறிஸ் கிளேர்மான்ட் எழுத வந்த பிறகுதான் அவருக்கு ஒரு இறந்தகாலம் கிடைத்தது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் குடும்பத்தைப் பறிகொடுத்துத் தப்பியவர். சக்தியோடு பிறந்த தன் இனத்துக்கு மறுபடி அது நடக்கக் கூடாது என்பதுதான் அவருடைய வெறி. 1981இல் வந்த 150ஆம் இதழில் வல்லரசுகளை மிரட்டுகிறார், ஆயுதங்களைக் கீழே போடுங்கள், ஆட்சியை என்னிடம் கொடுங்கள் என்று. தன்மீது ஏவுகணை வீசிய சோவியத் நீர்மூழ்கியை ஆட்களோடு மூழ்கடிக்கிறார். பிறகு அவருடைய கணினியை அழிக்க வந்த ஒருத்தியைத் தாக்குகிறார். அவள் விழுந்ததும் பக்கத்தில் போய்ப் பார்க்கிறார். கிட்டி பிரைட், பதிமூன்று வயதுச் சிறுமி. செத்துவிட்டாள் என்றே நினைக்கிறார். என் குடும்பத்தைக் கொன்றவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அங்கேயே உடைந்துபோகிறார். சண்டை அத்தோடு நின்றுவிடுகிறது. அவரை யாரும் தோற்கடிக்கவில்லை.

கிட்டி பிழைத்துக்கொள்கிறாள். ஆனால் மேக்னெட்டோ பழைய ஆளாக இல்லை. 1985இல், தன்னைக் கைது செய்ய வந்தவர்களிடம் தானாகவே சரணடைகிறார். 200ஆம் இதழில் பாரிஸில் அவர்மீது சர்வதேச வழக்கு நடக்கிறது. குற்றவாளிக் கூண்டில் உட்கார்ந்து, தான் மூழ்கடித்த கப்பலைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். நினைத்தால் அந்தக் கட்டடத்தின் இரும்பு முழுவதையும் பிய்த்து எறிந்துவிட்டு அவரால் வெளியேற முடியும். அவர் எழுந்திருக்கவில்லை. இந்தக் கதைகளில் எனக்குத் தெரிந்த ஹீரோக்கள் பலர் இதுவரை செய்யாத காரியம் இது.

விசாரணை முடிவதற்குள் தாக்குதல் நடக்கிறது, கலவரமாகிவிடுகிறது. எக்ஸ்-மென் அணியை உருவாக்கியவரும் மேக்னெட்டோவின் பழைய நண்பருமான பேராசிரியர் சேவியர், சாகும் நிலையில், தன் பள்ளியையும் அங்குள்ள பிள்ளைகளையும் மேக்னெட்டோவிடம் ஒப்படைக்கிறார். அவரும் ஏற்றுக்கொள்கிறார். நெகிழ்ச்சியான முடிவுதான், பலருக்குப் பிடித்த முடிவும்கூட. எனக்கு மட்டும் அதில் ஒரு குறை இருக்கிறது. அந்த நீர்மூழ்கியில் செத்தவர்களின் வீட்டார் ஒரு தீர்ப்புக்காகக் காத்திருந்திருப்பார்கள். நண்பர் மன்னித்து ஒரு பள்ளியைக் கொடுத்துவிட்டார் என்பது அவர்களுக்குப் பதில் ஆகாது. சரணடைந்தவர் முழு விசாரணைக்கும் தயாராகத்தான் வந்திருந்தார். அவருக்கு அதைத் தராமல் விட்டது கதையை எழுதியவர்கள்தான்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.