மாத்திரையா, பயிற்சியா, சின்ன வயசுக் கதையா? ஓசிடி பத்தி ஒரு அம்மாவோட சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கிறேன். ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. படிச்சிடறேன்.

"என் பொண்ணுக்கு 19 வயசு. காலேஜ் ரெண்டாவது வருஷம். ஒரு வருஷமா கை கழுவிக்கிட்டே இருக்கா. பஸ் கம்பியைப் பிடிச்சா கழுவணும், சில்லறை வாங்கினா கழுவணும். தோல் உரிஞ்சு போச்சு. குளிக்கப் போனா ஒன்றரை மணி நேரம். தன் கையால எங்களுக்கு ஏதாவது நோய் வந்துடும்னு பயப்படறா. ஒரு டாக்டர் மூளை சம்பந்தப்பட்டதுன்னு மாத்திரை கொடுத்தார். ஒரு கவுன்சலர் சின்ன வயசைப் பத்தியே கேட்கிறார். இன்னொருத்தர் கதவுப் பிடியைத் தொட்டுட்டுக் கழுவாம உட்காரச் சொல்றார். சொந்தக்காரங்க கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்ங்கிறாங்க. யார் சொல்றதைக் கேட்கிறது?"

அம்மா, நேர்ல பார்க்காம இதுதான் நோய்னு நான் சொல்லக் கூடாது. ஆனா நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா ஓசிடி மாதிரிதான் தெரியுது. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அந்தப் பயத்தைத் தணிக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பப் பண்ண வைக்கிற மனநோய் அது. உங்ககிட்ட பேசின மூணு பேரும் மூணு வேற சிந்தனைப் பள்ளியில படிச்சவங்க. ஒவ்வொரு பள்ளியும் கேட்கிற முதல் கேள்வியே வேற. அதனாலதான் பதிலும் வேறயா வருது.

சின்ன வயசைக் கேட்கிறவர், உளப்பகுப்பாய்வைத் தொடங்கின மருத்துவர் ஃப்ராய்டோட வழி. 1907-ல வியன்னாவுல சட்டம் படிச்ச ஒரு இளைஞர் சிகிச்சைக்காக ஃப்ராய்ட்கிட்ட வந்தார். தன் அப்பாவுக்கும் தான் விரும்புற பொண்ணுக்கும் எலிகளை வச்சு ஒரு கொடூரமான தண்டனை நடந்துடும்ங்கிற எண்ணம் அவரை விடவே இல்லை. இத்தனைக்கும் அப்பா இறந்து பல வருஷம் ஆச்சு. அப்பா மேல இருந்த பாசமும், வெளியில சொல்ல முடியாத கோபமும் உள்ளுக்குள்ள மோதுறதுதான் காரணம்னு ஃப்ராய்ட் 1909-ல எழுதினார். அவர் கவனிச்சதுல ஒண்ணு இன்னைக்கும் என்னை நிறுத்தி யோசிக்க வைக்குது. இந்த நோய் பல நேரம் நாம ரொம்ப நேசிக்கிறவங்களைச் சுத்தியே பயத்தைக் கட்டும். உங்க பொண்ணுக்கும் அவ பயம் உங்களைப் பத்தித்தானே? ஆனா சிகிச்சைன்னு வரும்போது, வேர் எங்க இருக்குன்னு வருஷக்கணக்கா தேடினதால கழுவுறது நின்னதுக்கு நல்ல ஆதாரம் இல்லை. எப்படி ஆரம்பிச்சுதுன்னு கண்டுபிடிச்சாலும், எது இன்னைக்கு வரைக்கும் அதை ஓட்டிக்கிட்டு இருக்குங்கிறது தனிக் கேள்வி. நான் அந்த ரெண்டாவது கேள்வியைத்தான் பெருசா எடுத்துப்பேன்.

கதவுப் பிடியைத் தொடச் சொல்றாரே, அவர் அந்த ரெண்டாவது கேள்வியிலேருந்துதான் வர்றார். 1947-ல மௌரர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் சொன்ன விளக்கம் இது. பயம் ஏதோ ஒரு அனுபவத்தோட ஒட்டிக்கிட்டு வருது. அப்புறம் நாம அதைத் தவிர்க்கிறோம். தவிர்த்ததும் கிடைக்கிற நிம்மதிதான் பயத்தைக் காப்பாத்துது. உங்க பொண்ணு கை கழுவினதும் மனசு கொஞ்சம் லேசாகும். அந்த நிம்மதி பத்து நிமிஷம்கூட நிக்காது, ஆனா "கழுவினதாலதான் தப்பிச்சோம்"னு மூளை கத்துக்குது. சொறியச் சொறிய அரிப்பு அதிகமாகிற மாதிரிதான் இது.

1966-ல லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில விக்டர் மேயர்ங்கிற உளவியலாளர் இதை நேரடியா நோயாளிகள்கிட்ட முயற்சி பண்ணினார். அதுக்கு முன்னாடி, திரும்பத் திரும்பக் கழுவுற மாதிரியான செயலை (இதைத்தான் சடங்குன்னு சொல்வாங்க) தடுத்தா நோயாளி மனசு உடைஞ்சு போயிடும்னு நிறைய மருத்துவர்கள் பயந்தாங்க. அவர் சிகிச்சை கொடுத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் அழுக்கு பயத்தால கழுவிக்கிட்டே இருந்த ஒரு ஆசிரியை. அவங்க பயப்படுற பொருட்களைத் தொட வச்சு, நர்ஸுங்க கூடவே இருந்து கழுவ விடாம பார்த்துக்கிட்டாங்க. யாரும் உடைஞ்சு போகலை. பதட்டம் ஏறினது, அப்புறம் தானா இறங்குச்சு. பயப்படுறதை நேரா எதிர்கொண்டு, சடங்கைப் பண்ணாம இருக்கப் பழகுற சிகிச்சையை இன்னைக்கு ஈஆர்பின்னு சொல்றோம், அது இதுலேருந்து வளர்ந்ததுதான்.

ஆனா இதைக் கேட்டுட்டு வீட்டுல குழாயை மூடிடாதீங்க, தயவு செஞ்சு. இப்போ யாரும் அப்படி வலுக்கட்டாயமா பண்றதில்லை. நோயாளியும் சிகிச்சை கொடுக்கிறவரும் சேர்ந்து உட்கார்ந்து, எதுக்கு எவ்வளவு பயம்னு பூஜ்யத்துலேருந்து நூறு வரைக்கும் மார்க் போட்டு ஒரு பட்டியல் எழுதுவாங்க. வீட்டுக் கதவுப் பிடி 30, ரூபாய் நோட்டு 50, பஸ் கம்பி 80, இப்படி. கீழேருந்து ஆரம்பிப்பாங்க. தொடணும், கழுவாம இருக்கணும், பதட்டம் என்ன பண்ணுதுன்னு உட்கார்ந்து பார்க்கணும். திரும்பத் திரும்பப் பண்ணணும். அந்தப் பொண்ணு தானா ஒத்துக்கிட்டுப் பண்றதுதான் இதுல உயிரே.

சில பேருக்கு இதோட எண்ணங்களைப் பத்தியும் பேச வேண்டியிருக்கும். 1978-ல ராக்மன், பத்மால் டி சில்வாங்கிற ரெண்டு உளவியலாளர்கள் எந்த நோயும் இல்லாத சாதாரண ஆட்கள்கிட்ட விசாரிச்சுப் பார்த்தாங்க. ஏறத்தாழ 80 சதவீதம் பேர் இதே மாதிரி வேண்டாத எண்ணங்கள் தங்களுக்கும் வருதுன்னு சொன்னாங்க. மாடியிலேருந்து எட்டிப் பார்க்கும்போது குதிச்சுடுவோமோன்னு தோணும், குழந்தையைத் தூக்கும்போது போட்டுடுவோமோன்னு தோணும். பெரும்பாலானவங்க அதை விட்டுட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாங்க. சால்கோவ்ஸ்கிஸ்ங்கிற உளவியலாளர் 1985-ல சொன்னது, ஓசிடி இருக்கிறவங்க அந்த எண்ணத்தைத் தன் பொறுப்பா எடுத்துக்கிறாங்க. "எனக்குத் தோணிடுச்சு, இனி நான் எதுவும் பண்ணலைன்னா அம்மாவுக்கு வர்ற ஆபத்துக்கு நான்தான் காரணம்." உங்க பொண்ணு அழுக்கைப் பார்த்து மட்டும் கழுவலை அம்மா, உங்களைக் காப்பாத்தறதா நினைச்சுக் கழுவுறா. இது தெரிஞ்சா அவ மேல கோபம் வராது.

இப்போ மாத்திரை. ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ரலின் மாதிரி மருந்துகள் ஓசிடிக்கு வேலை செய்யுதுன்னு நல்லாவே நிரூபிச்சிருக்காங்க. மனச்சோர்வுக்குக் கொடுக்கிறதை விட அளவு பெரும்பாலும் கூடுதலா இருக்கும். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். நிறைய குடும்பங்கள் மூணாவது வாரமே "ஒண்ணும் ஆகலை"ன்னு நிறுத்திடறாங்க. மனசு கஷ்டமா இருக்கு அதைப் பார்க்கும்போது. டாக்டரைக் கேட்காம நீங்களா நிறுத்தாதீங்க.

மூளையா மனசான்னு உங்களுக்குச் சந்தேகம் இருந்தா, 1992-ல கலிஃபோர்னியாவுல பாக்ஸ்டர் குழு வெளியிட்ட ஆய்வைச் சொல்றேன். ஒரு பிரிவுக்கு ஃப்ளுவாக்ஸெடின், இன்னொரு பிரிவுக்கு மாத்திரை இல்லாம நடத்தைப் பயிற்சி மட்டும். முன்னாடியும் பின்னாடியும் மூளையை ஸ்கேன் பண்ணினாங்க. குணமானவங்களுக்கு ரெண்டு பிரிவுலயும் மூளையோட ஆழத்துல இருக்கிற காடேட்ங்கிற பகுதியில செயல்பாடு குறைஞ்சிருந்தது. கதவுப் பிடியைத் தொட்டுட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறதும் மூளையில வேலை செய்யுது. அதனால உங்க டாக்டரும் அந்தப் பயிற்சி கொடுக்கிறவரும் எதிரெதிர் ஆட்கள் இல்லை. ரெண்டையும் சேர்த்தே பண்ணலாம், நிறைய பேருக்கு அப்படித்தான் பண்றோம்.

கார்ல் ரோஜர்ஸ்ங்கிற அமெரிக்க உளவியலாளர் வழியில, எதையும் குறை சொல்லாம முழுசா ஏத்துக்கிட்டுக் கேட்கிறவங்களும் இருக்காங்க. அப்படிக் கேட்கிறதால வர்ற நம்பிக்கை எந்த சிகிச்சைக்கும் வேணும். அது மட்டும் கழுவுறதை நிறுத்தாது.

நீங்க கேட்காத ஒண்ணு பாக்கி இருக்கு, வீடு. அவ கேட்டா நீங்களும் கை கழுவிட்டு வந்து காட்டுறீங்களா? அவ துணியைத் தனியா துவைக்கிறீங்களா? "ஒண்ணும் ஆகாதும்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்"னு ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்றீங்களா? பாசத்துலதான் பண்றீங்க, எந்த அம்மாவும் பண்ணுவாங்க. ஆனா அந்தப் பதிலும் அவளுக்கு ஒரு கை கழுவல் மாதிரியே ஆயிடுது, கொஞ்ச நேர நிம்மதி, திரும்ப அதே கேள்வி. இதை ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, அவ தவிச்சுப் போயிடுவா. சிகிச்சை கொடுக்கிறவரோட சேர்ந்து, அவகிட்டயும் சொல்லிட்டு, ஒவ்வொண்ணா குறைங்க. நம்ம வீடுகள்ல சாவு வீட்டுக்குப் போய் வந்தா குளிக்கிறோம், செருப்பை வெளியில விடறோம். அதெல்லாம் நோய் இல்லை. ஒரு தடவை குளிச்சா முடிஞ்சு போகும். அவளுக்கு முடியவே மாட்டேங்குது, அதுதான் வித்தியாசம்.

அப்போ யார்கிட்ட போறது? மனநல மருத்துவரை விடாதீங்க. கூடவே ஈஆர்பி பழகின ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். "ஓசிடிக்கு ஈஆர்பி பண்ணியிருக்கீங்களா, வீட்டுல நாங்க என்ன பண்ணணும்?"னு நேராவே கேளுங்க, தயங்க வேண்டாம். பக்கத்துல யாரும் இல்லைன்னா அரசாங்கத்தோட மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, இலவசம், தமிழ்ல பேசலாம், எங்க போகணும்னு வழி சொல்வாங்க. அவ வாழ்க்கையே வேண்டாம்னு பேச ஆரம்பிச்சா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கல்யாணம் இதுக்கு மருந்து இல்லை. புது வீட்டுல புது ஆட்கள், அவங்களையும் தன் கையாலேருந்து காப்பாத்தணும்னுதான் அவளுக்குத் தோணும், கழுவுறது அதிகமாகத்தான் செய்யும். அந்தப் பேச்சை இப்போ எடுக்காதீங்க. அவ குணமாகி, அவளுக்கா தோணும்போது அவளே சொல்லட்டும்.