மலைக்குளிரில் ஒரு 1911 பிஸ்டல்: துரு, ஸ்பிரிங், தேவையில்லாத அலங்காரம்

[காட்சி: ஜன்னலோரம் ஒரு தேங்காய் எண்ணெய் போத்தல். எண்ணெய் வெள்ளையாக உறைந்திருக்கிறது. பக்கத்து மேசையில் பழைய துவாய் விரித்து, அதன்மேல் ஒரு பிஸ்டல். ஸ்லைட் பின்னால் பூட்டப்பட்டு, தோட்டா அடுக்கும் மகசின் வெளியே.]

நுவரெலியாவில் இந்தப் போத்தலைத் தெரியாத வீடு கிடையாது. தலைக்கு வைக்க வேண்டுமென்றால் முதலில் அடுப்போரம் வைத்து உருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 பாகையை ஒட்டி உறையத் தொடங்கும். இங்கே பகலிலும் அந்தச் சூடு வருவது அரிது. "இரும்புக்கு நல்லது" என்று அதே எண்ணெயை பிஸ்டலுக்குள் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே அது மெழுகாகிவிடும். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைட் சோம்பலாக நகரும். தோட்டாவைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் தன் குழாய்க்குள் தயங்கும், தோட்டாவில் பாதி அடிதான் விழும். நாள் போனால் எண்ணெய் சிக்கு வாடை எடுத்து, அதிலுள்ள அமிலம் இரும்பையே தொடும்.

இந்த வீடியோ 1911 வகை பிஸ்டலைப் பற்றியது. ஜோன் பிரவுனிங் வடிவமைத்தது. அமெரிக்க இராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. 1985இல் பெரெட்டா பிஸ்டல் தெரிவாகும் வரை அவர்களின் முதன்மைக் கைத்துப்பாக்கி இதுதான். 5 அங்குல பாரல் (குண்டு ஓடும் குழல்), 7 தோட்டா மகசின், பொயின்ட் 45 கலிபர், வெறுமையாகச் சுமார் 1.1 கிலோ. பழைய மொடல்களில் முழு உடம்பும் கார்பன் உருக்கு. அதனால்தான் மலைநாட்டில் இதற்குத் தனிப் பராமரிப்பு வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு பிஸ்டல் சுட்டுத் தேய்வதை விட, அலுமாரியில் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். தொடர் இலக்கத்தைத் தொடவே கூடாது. கலிபரை மாற்றுவது, பத்திரத்தில் எழுதியிருப்பதோடு பொருந்தாமல் எதையும் செய்வது, இவை உங்கள் மேசையில் முடிக்கிற வேலைகள் அல்ல.

[காட்சி: கைகள் மட்டும். மகசின் கழல்கிறது.]

முதலில் மகசினை எடுங்கள். பிறகு ஸ்லைட்டை முழுக்க இழுத்துப் பூட்டுங்கள். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. ஸ்லைட்டை முதலில் இழுத்து மகசினைப் பிறகு எடுத்தால், ஸ்லைட் திரும்பும்போது புதுத் தோட்டா ஒன்று பாரலின் பின்முனையில் இருக்கும் தோட்டா அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் தோட்டா அறையைப் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். மூடுபனி நாட்களில் மத்தியானமே வீட்டுக்குள் இருட்டாக இருக்கும், கண்ணை மட்டும் நம்ப முடியாது. மேசை இருக்கும் அறையில் தோட்டா எதுவும் இருக்கக்கூடாது.

இனிக் கழட்டலாம். ஸ்லைட்டை முன்னுக்கு விடுங்கள், ஆனால் கையால் பிடித்து மெல்ல விடுங்கள். தோட்டா அறை வெறுமையாக இருக்கும்போது "சடார்" என்று விட்டால், தோட்டா ஏறும்போது கிடைக்கிற தடை இல்லாமல் முழு வேகமும் பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஹேமரையும் அதைத் தாங்கும் சீயரையும் போய் இடிக்கும்.

பாரல் வாயின் கீழே ஒரு வட்ட மூடி தெரியும். அது ஸ்லைட்டை முன்னுக்குத் தள்ளும் ரீகோயில் ஸ்பிரிங்கின் பிளக். பெருவிரலால் அதை உள்ளே அழுத்தி, பாரலைச் சுற்றியிருக்கும் புஷிங்கை, வாய்ப்பக்கம் இருந்து பார்க்கையில் கடிகாரத் திசையில் கால் சுற்று திருப்புங்கள். பிளக் இப்போது வெளியே பாயப் பார்க்கும். பெருவிரலை எடுக்காமல் மெல்ல விடுங்கள். முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டாம். கண்ணில் பட்டால் பட்டதுதான். ஜன்னல் வழியாகப் போனால் தேயிலைச் செடிக்கு அடியில் தேட வேண்டியதுதான்.

ஸ்லைட்டைப் பின்னுக்கு இழுத்து, இடப்பக்கத்தில் இருக்கும் சின்ன அரைவட்ட வெட்டை, ஸ்லைட்டைப் பூட்டி நிறுத்தும் ஸ்லைட் ஸ்டொப்புக்கு நேரே கொண்டுவாருங்கள். வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் பின்னை விரலால் தள்ளினால், ஸ்டொப் இடப்பக்கமாக வெளியே வரும். ஸ்லைட்டை முன்னால் தள்ளிக் கழட்டுங்கள். ஸ்பிரிங்கையும் அதன் கைடையும் எடுங்கள். புஷிங்கை எதிர்த்திசையில் திருப்பி உருவுங்கள். பாரலின் அடியில் தொங்கும் லிங்க்கை முன்னுக்கு மடித்து, பாரலை முன்பக்கமாக எடுங்கள். ஸ்லைட் இல்லாத நிலையில் ட்ரிகரை இழுத்து ஹேமரை விழவிடாதீர்கள். அது நேரே பிரேமில், அதாவது கைப்பிடியோடு சேர்ந்த அடி உடம்பில், இடிக்கும்.

[காட்சி: பாகங்கள் துவாயில் வரிசையாக. பாரல் அருகாமைக் காட்சி.]

பாரலை அறைப்பக்கம் இருந்து சுத்தம் செய்யுங்கள், வாய்ப்பக்கம் இருந்து அல்ல. வாய் விளிம்பு தேய்ந்தால் குறி மாறும். துப்பாக்கிக்கென்று விற்கும் கரைப்பானில் நனைத்த வெண்கல பிரஷை ஒரே திசையில் முழுக்கக் கடத்துங்கள். நடுவில் திருப்பினால் இழைகள் மடங்கிவிடும். பத்து முறை போதும். பத்து நிமிடம் ஊற விட்டு, துணித்துண்டு அழுக்கில்லாமல் வரும் வரை துடையுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கு. 1950களின் தொடக்கம் வரை செய்யப்பட்ட பழைய இராணுவத் தோட்டாக்கள் பலவற்றில், தோட்டாவின் அடியில் இருந்து தீ மூட்டும் பிரைமர் வெடித்த பிறகு பாரலில் உப்பு தங்கும். அது உப்புதான், காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். எண்ணெயும் பெரும்பாலான கரைப்பான்களும் உப்பைக் கரைக்காது. வெந்நீர் கரைக்கும். பழைய தோட்டா சுட்டிருந்தால் அன்றைக்கே பாரலில் வெந்நீர் ஊற்றி, நன்றாக உலர்த்தி, அதற்குப் பிறகுதான் எண்ணெய். மழைக்காலத்து வட்டவளையில் இதை மறுநாளைக்கு ஒத்திப்போட்டால், பாரலுக்குள் காலையில் செம்மண் நிறம் தெரியும்.

எண்ணெய் எங்கே வைப்பது என்பதை விட எங்கே வைக்கக்கூடாது என்பது முக்கியம். ஃபயரிங் பின் ஓடும் குழாய், தோட்டா அறை, மகசினின் உள்பக்கம் ஆகிய மூன்றும் உலர்ந்திருக்க வேண்டும். ஸ்லைட்டும் பிரேமும் உரசி ஓடும் பள்ளங்கள், பாரல் வாயின் வெளிப்பக்கம், பாரலின் முதுகில் இருக்கும் பூட்டு வரம்புகள், லிங்க் ஆகியவற்றுக்கு ஆளுக்கு ஒரு துளி. துப்பாக்கி எண்ணெய் கைவசம் இல்லையென்றால் தையல் மெசின் எண்ணெய் தற்காலிகத்துக்குச் சரி, குளிரில் உறையாது. ஆனால் மெல்லியது, வழிந்து போய்விடும், வாரத்துக்கொரு முறை பார்க்க வேண்டும்.

[காட்சி: கைப்பிடியின் மரத்தகடுகள் கழல்கின்றன. அடியில் செந்நிறப் புள்ளிகள்.]

துருவைத் தேடுகிறவர்கள் வெளியே தேடுவார்கள். அது தொடங்குவது பெரும்பாலும் கைப்பிடித் தகடுகளுக்கு அடியில். மரம் ஈரத்தைக் குடித்து, இரும்போடு ஒட்டி வைத்துக்கொண்டிருக்கும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு திருகாணிகள். பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லாமல் கை வைக்க வேண்டாம். பிளவு சிதைந்தால் பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். திருகாணியோடு அதைத் தாங்கும் சின்ன புஷிங்கும் சேர்ந்து சுழன்றால் நிறுத்துங்கள். பிரேமின் மெல்லிய மரை போய்விடும்.

மேற்பூச்சைப் புரிந்துகொண்டால் துருவும் புரியும். நீலக்கருப்பு பூச்சு தனிப் பெயின்ட் அல்ல, அதுவும் இரும்பின் ஒக்சைட்தான், மிக மெல்லிய படலம். எண்ணெய் இல்லாமல் அது ஒன்றையும் காக்காது. சாம்பல் நிறப் பொஸ்பேட் பூச்சு நுண்துளை உள்ளது, எண்ணெயைப் பிடித்து வைக்கும், அதனால் மலைக்கு ஒத்துவரும். சிவப்புப் புள்ளி கண்டால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். எண்ணெய் விட்டு ஓரிரு மணி நேரம் ஊறவிட்டு, நான்கு பூச்சியம் எண் கொண்ட மிக மெல்லிய இரும்புக் கம்பளியால் அழுத்தாமல் தடவுங்கள். குழி விழுந்திருந்தால் குழி இருக்கட்டும், துரு மட்டும் போனால் சரி.

தோல் உறைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டுவதுதான் நாங்கள் காணும் பெரிய பிழை. தோலைப் பதனிடும் உப்பும் அமிலமும் அதிலேயே இருக்கும், ஈரத்தையும் தோல் உறிஞ்சும். பிஸ்டல் இரவு பகலாக ஈரக்கம்பளி போர்த்திக் கிடப்பது போலத்தான். உறை சுமப்பதற்கு, சேமிப்பதற்கு அல்ல.

தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 3 வீதம் அளவு ஈரத்துக்குக் காய வைத்த தேயிலைத் தூளைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் அதற்குத்தான். நிறம் மாறும் வகை என்றால், நீலம் இளஞ்சிவப்பானதும் அடுப்புப் பெட்டியில் 110 முதல் 120 பாகையில் சில மணி நேரம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். அரிசி வேண்டாம், தூசிதான் மிச்சம். அலுமாரிக்குள் பல்ப் எரிய விட்டுப் பூஞ்சணத்தை விரட்டும் பழைய வழக்கம் நல்லதே, ஆனால் எல்ஈடி பல்ப் போட்ட பிறகு அது நடக்காது. சூடே இல்லையே.

மழைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவம், மே முதல் செப்டம்பர் வரை. பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை பக்கம் வடகீழ்ப் பருவம், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. உங்கள் பக்கத்து மழையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழட்டித் துடையுங்கள். மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறை போதும்.

மலையிலிருந்து கீழே இறங்கும்போது இன்னொரு ஆபத்து. நுவரெலியாவில் 14 பாகையில் குளிர்ந்து கிடந்த இரும்பை றம்பொடை வழியாகக் கண்டிக்கு இறக்கிப் பெட்டியைத் திறந்தால், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவது மாதிரி முழு பிஸ்டலும் வியர்க்கும். ஸ்லைட்டுக்குள்ளும் வியர்க்கும். பெட்டியை இரண்டு மூன்று மணி நேரம் மூடியே வைத்து, உள்ளே இருப்பது ஊர்ச்சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள்.

[காட்சி: இரண்டு ஸ்பிரிங்குகள் பக்கம் பக்கமாக. ஒன்று குட்டை.]

ரீகோயில் ஸ்பிரிங்கின் வழக்கமான அளவு 16 இறாத்தல். புதியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை அங்குலம் குறைந்திருந்தால் மாற்றுங்கள். இரண்டாயிரம் முதல் மூவாயிரம் தோட்டாவுக்கு ஒன்று என்பது பொதுக்கணக்கு. தளர்ந்த ஸ்பிரிங்கோடு சுட்டால் ஸ்லைட் பிரேமை இடித்து இடித்து உலோகத்தைக் களைக்க வைக்கும். "கனமாகப் போட்டால் பாதுகாப்பு" என்று 20 இறாத்தல் போடுவதும் பிழை. ஸ்லைட் முழுதாகப் பின்னுக்குப் போகாது, வெற்றுக்கோது சரியாகத் தெறிக்காது, திரும்பும் வேகத்தில் அடுத்த தோட்டா மூக்குக் குத்தி நிற்கும்.

வெற்றுக்கோதை அறையிலிருந்து இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் தனியாகப் பேச வேண்டிய பாகம். 1911இல் அது ஒரு நீண்ட உருக்குக் கம்பி, தனக்குத் தானே ஸ்பிரிங். தோட்டா மகசினிலிருந்து மேலேறும்போது அதன் விளிம்பு கொக்கிக்குக் கீழிருந்து வழுக்கிப் போய் மாட்ட வேண்டும். அறையில் நேரே ஒரு தோட்டாவைப் போட்டு ஸ்லைட்டை விட்டால், கொக்கி விளிம்பின் மேலே தாவ வேண்டியிருக்கும். அடிக்கடி செய்தால் இழுவிசை போய்விடும். சோதிப்பது எளிது: கழட்டிய ஸ்லைட்டில், கொக்கிக்குக் கீழே மருந்தில்லாத ஒரு டம்மி தோட்டாவை மாட்டி மெல்ல ஆட்டுங்கள். உடனே விழுந்தால் தளர்ச்சி. மாட்டுவதற்கே பலம் கொடுக்க வேண்டியிருந்தால் இறுக்கம். ஸ்லைட் கடைசிக் கொஞ்சத் தூரத்தில் மூடாமல் நிற்பதற்கு இதுவும் காரணம்.

ஆனால் எதையும் குறை சொல்வதற்கு முன் மகசினை மாற்றிப் பாருங்கள். தோட்டா சிக்கும் கோளாறுகளில் பெரும்பகுதி மகசினின் வளைந்த மேல்வாய் உதடுகளிலும் தளர்ந்த ஸ்பிரிங்கிலும்தான். ஒவ்வொன்றின் அடியிலும் பெயின்டால் ஓர் எண் எழுதி வையுங்கள், எது குற்றவாளி என்று இரண்டே நாளில் தெரியும்.

அலங்கார வேலைக்கு வருவோம். மரத்தகட்டை மாற்றலாம், எண்ணெய் ஊறாத லேமினேட் அல்லது ரப்பர் மலைக்கு நல்லது. கைப்பிடியின் பின்பக்கத்தில் இருக்கும் மெயின்ஸ்பிரிங் கூட்டை (ஹேமரைத் தள்ளும் ஸ்பிரிங் இருக்கும் பாகம்) மாற்றலாம்: முதல் மொடலில் தட்டை, 1920களில் வந்த 1911 ஏ1 மொடலில் வளைந்தது, கைக்கு எது பொருந்துகிறதோ அது. பழைய மெல்லிய பார்வைக்குறிகளுக்குப் பதில் பெரிதாகப் போடுவது மூடுபனிக்கு உண்மையிலேயே உதவும், ஆனால் முன்குறி ஸ்லைட்டில் அடித்துப் பூட்டப்பட்டது, அதை அனுமதி பெற்ற திருத்துநர்தான் செய்ய வேண்டும். நீண்ட கைட் கம்பி வேண்டவே வேண்டாம். பயனில்லை, கழட்டுவதற்குக் கூடுதல் கருவி தேவைப்படும்.

ட்ரிகரை இலேசாக்க ஹேமர் கொக்கியையும் சீயரையும் அரம் போட்டுத் தேய்ப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஹேமரைப் பிடித்து வைப்பது அந்த மயிரிழை அளவு விளிம்புதான். அது நழுவினால், ஸ்லைட் மூடும்போதே விரல் படாமல் ஹேமர் விழும். மரபான பழைய பிஸ்டல் என்றால் மூலப் பாகம் ஒவ்வொன்றையும் பெயர் எழுதிப் பையில் போட்டு வையுங்கள்.

[காட்சி: பூட்டும் கைகள். ஸ்லைட் ஸ்டொப்புக்கு அருகே வளைந்த கீறல் உள்ள பழைய பிரேம்.]

பூட்டுவது தலைகீழ் ஒழுங்கு. இந்தக் கீறலைப் பாருங்கள். ஸ்லைட் ஸ்டொப்பைச் செருகி மேலே திருப்பும்போது, அதைத் தடுக்கும் சின்ன பிளஞ்சரோடு மல்லுக்கட்டினால் வருவது. பழைய ரீலோட் கார்ட் ஒன்றை வெட்டி, அந்த மெல்லிய துண்டால் பிளஞ்சரை உள்ளே தள்ளிக்கொண்டு ஸ்டொப்பை நேரே அழுத்துங்கள். அது லிங்க்கின் துளை வழியாகத்தான் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைட் கையால் இழுபடும்போது பாரல் சேர்ந்து தாழ வேண்டும்.

கடைசியாகச் சோதனை, அறை வெறுமை என்று மறுபடி பார்த்த பிறகு. ஹேமரை நிமிர்த்தி, பெருவிரலால் இயக்கும் பாதுகாப்பு நெம்பை மேலே போட்டு ட்ரிகரை இழுங்கள், விழக்கூடாது. அதைக் கீழே இறக்கி, கைப்பிடியின் பின்பக்கத்தில் இருக்கும் கைப்பிடிப் பாதுகாப்பை அழுத்தாமல் இழுங்கள், விழக்கூடாது. ஸ்லைட்டைக் கால் அங்குலம் பின்னுக்குப் பிடித்தபடி, கைப்பிடியை நன்றாகப் பிடித்து இழுங்கள், அப்போதும் விழக்கூடாது. ஸ்லைட் முழுதாக மூடி, கைப்பிடியையும் பிடித்து இழுக்கும்போது மட்டும் விழ வேண்டும். இதில் ஒன்று பிழைத்தாலும் அந்த பிஸ்டலில் தோட்டா ஏற்றக்கூடாது, திருத்துநரிடம் போக வேண்டும்.

எல்லாம் சரியென்றால், விரல் ரேகை படிந்த இடங்களை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு சிலிக்கா பெட்டிக்குள் வையுங்கள். மகசின் வெறுமையாக. தோட்டா வேறு பூட்டில், சாவி வேறு கையில்.