கூலியோடு போன இன்னொன்று

(தக்கலை அருகே மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் பேசியது)

அம்மாமார்களுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம். மைக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன். சரி.

அண்டி ஆபீசில், அதுதான் முந்திரிப் பருப்பு ஆலையில், வேலை பார்த்தவர்கள் கை தூக்குங்கள். பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். கொரோனா வந்து 2020 மார்ச் 25-ல் நாட்டைப் பூட்டினார்களே, அன்று உங்களுக்கு என்ன போனது? கூலி என்பீர்கள். உண்மைதான். ஆனால் கூலியோடு இன்னொன்றும் போனது. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து அண்டி தல்லும்போது, கொட்டையை உடைக்கும்போது, என்னென்ன பேசுவீர்கள்! மாமியார் கதை, மகளுக்கு வந்த வரன், வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்த ராத்திரி. குளச்சலிலிருந்து மீன்கூடையான கடவம் சுமந்து வருகிற மீன்கார அக்காவுக்கு ஒவ்வொரு வாசலும் அப்படித்தான். மீன் கொடுக்க ஐந்து நிமிடம், பேச்சு அரை மணி நேரம். அது ஒரே நாளில் நின்றது. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்; பேசத்தான் ஆள் இல்லை. இருந்த ஒரு போனும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விட்டது.

தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகம் முழுக்க 25 சதவீதம் கூடின, பெண்களுக்குத்தான் பாதிப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. ஆனால் நம் ஊரில் யார் மனச்சோர்வு என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? மண்டையிடி என்போம், நெஞ்சு படபடப்பு என்போம், கை கால் உளைச்சல் என்போம். மாத்திரையும் அதற்கே கிடைக்கும்.

கடற்கரைக்காரர்களைத் தனியாகச் சொல்லவேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது கடலுக்குப் போனவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. முகம் பார்க்காத சாவு எப்படி இருக்கும் என்பது அந்த வீடுகளுக்கு ஏற்கெனவே தெரியும். 2020-ல் நம் மீனவர்கள் ஈரானில் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ஜலாஷ்வா 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியபோது ஜூலை 1. அதுவரை இங்கே இருந்த பெண்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் என் சித்தி போனாள். தூரத்திலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டலத்தைத்தான் பார்த்தேன். கட்டிப்பிடித்து அழ ஆளில்லை, துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க, வருவாருமில்லை. அப்புறம் மூன்று மாதம், சரியாக ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும். மாதவிலக்கு நிற்கிற வயசு, அதனால்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கடைசியில் ஒரு டாக்டரம்மா, "யாரையாவது பறிகொடுத்தீர்களா?" என்று கேட்டார். அங்கேயே உடைந்து அழுதேன். மாத்திரை கொடுத்தார். பத்து நாளில் மருந்து கேட்கவில்லை என்று நிறுத்திவிட்டேன். முட்டாள்தனம். அந்த மாத்திரைகள் வேலையைத் தொடங்கவே இரண்டு, மூன்று வாரம் எடுக்கும். நிறுத்துவதையும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்யவேண்டும். திரும்பவும் போனேன், திட்டும் வாங்கினேன்.

யோகா செய், பாட்டுக் கேள் என்று உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. லோன்காரன் வாசலில் நிற்கும்போது என்ன பாட்டு? 2020-ல் ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தார்கள், வட்டியோ ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கடனை இன்னும் கட்டுகிறவர்கள் இங்கேயே இருப்பீர்கள்.

நான் கேட்பது வேறு. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை குழுவில் உட்காருவோம். இப்போது ஜிபேயில் பணம் போட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு போடுகிறோம். கணக்கு சரியாக இருக்கிறது, யார் எப்படி இருக்கிறாள் என்று தெரியவில்லை. பணத்தை எப்படி வேண்டுமானாலும் கட்டுங்கள், உட்காருவதை மட்டும் விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஒருத்தி தூங்காமல், சாப்பிடாமல், எதிலும் ஒட்டாமல் இருந்தால் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று சொன்னால் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே. தனியாக அனுப்பாதீர்கள், பாதி வழியில் திரும்பிவிடுவாள். போக முடியாதவர்களுக்கு 14416. மனநலத்துக்கான அரசு உதவி எண் அது, டெலி மானஸ் என்று பெயர், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வீட்டில் அடி என்றால் 181.

பின்வரிசையில் மைனி ஒருத்தர் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். மைக்கை அங்கே கொடுங்கள் மக்களே.