மனமின்மையா, வேலைப்பளுவா? வேலைப்பளுவே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், நோம்பி வேலைகளுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

குடும்பத்துக்கு நேரம் ஒதுக்க முடியாததற்குக் காரணம் மனமின்மைதான் என்று எதிரணித் தலைவர் கணக்கே போட்டுக் காட்டினார். வாரத்துக்கு 168 மணி நேரமாம். வேலைக்கு 48, தூக்கத்துக்கு 56 போக, மீதி 64 எங்கே என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். கணக்கு சரிதான். யார் வீட்டுக் கணக்கு?

வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வரம்பு கட்டியது உண்மை. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்று ஒன்று உண்டு. அண்ணன் கேள்விப்பட்டதில்லை போலும். பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தால், சாப்பாட்டுக்கும் டீக்கும் எழுந்ததைத் தவிர, இரவு எட்டரை வரை அங்கேதான். ஆறு நாளுக்கு 72. பல்லடத்திலிருந்து பஸ்ஸில் போய்வர 12. தூக்கம் அதே 56 என்றே வையுங்கள் (அவ்வளவு தூங்குகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்). மீதி 28. அதற்குள் சோறாக்கி, துணி துவைத்து, குழாயில் தண்ணீர் வரும்வரை குடத்தோடு காத்திருக்க வேண்டும். ஷிப்மென்ட், அதாவது சரக்கு அனுப்பும் நாள், நெருங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு நேரம் அவர்கள் கையில் என்று அடுத்து வந்த அம்மா சொன்னார். ஒரு கறவை மாடு இருக்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள். காலையும் மாலையும் கறந்து, பால் வண்டி வருவதற்குள் ஊற்றியாக வேண்டும். பிறந்த வீட்டில் ஓர் இரவு தங்கலாம் என்றால், மாடு பழகிய கைக்குத்தான் பால் விடும்.

செல்போனில் விரலைத் தேய்த்தே இரவைக் கழிக்கிறவர்களும் உண்டு. அவர்களை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும்.

எது முக்கியம் என்று தெரிந்தால் நேரம் தானாக வரும் என்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளையைத் தாராபுரத்தில் ஆத்தாவிடம் விட்டுவிட்டு வந்து தைக்கிற பெண்ணுக்கு எது முக்கியம் என்று தெரியாதா? டீ நேரத்தில் அவள் போன் பேசுவதைப் பாருங்கள். ஒரு கையில் டம்ளர், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், கண் மட்டும் கடிகாரத்தில். அந்தப் பிள்ளையோடு இருக்கத்தான் அவளுக்கு நேரம் வேண்டும். அந்தப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காகத்தான் அந்த நேரத்தை விற்கிறாள். ஒரே பாசம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. அதற்குப் பெயர் மனமின்மையா?

மனம் இருந்தால் போதும் என்றால், ஒருநாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்ட வழி செய்த திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் ஏன் கொதித்தன? ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே ஏன் எதிர்த்தன? மே தினத்தன்று அரசே அதைத் திரும்பப் பெறுவதாக ஏன் அறிவித்தது?

நடுவர் மணியடித்துவிட்டார். எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவருக்கு ஒரு கேள்வி. சனிக்கிழமை சம்பள நாள். அன்றைக்கே பள்ளியில் பெற்றோர் கூட்டம். தாராபுரம் போனால் அன்றைய கூலி இல்லை. போகாவிட்டால் பிள்ளைக்கு அம்மா இல்லை. அவள் எதை விட வேண்டும்? அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.