பிள்ளை வீடு திரும்பியதும் கதை முடிந்ததா?

நடுவர் அவர்களே, அல்சூரிலிருந்தும் விவேக் நகரிலிருந்தும் வந்து அரங்கை நிறைத்திருக்கும் பெங்களூர்த் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

கடத்தல் நாவலின் விறுவிறுப்பு மீட்கும் வரையா, மீண்ட பிறகா? எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார்: பணப்பை கைமாறி, பிள்ளை வீடு வந்ததும் நாவல் முடிந்தது, அதற்குமேல் எழுதினால் குடும்பக் கதை, த்ரில்லர் இல்லை என்று. கம்பன் அப்படி நினைக்கவில்லை, ஐயா. இராவணன் வதையோடு அவன் ஏட்டைக் கட்டிவிடவில்லை. மீட்சிப் படலம் பாடினான். சீதை தீயில் இறங்கியது சிறையிருந்தபோதா? விடுதலையான பிறகு, கணவன் சொன்ன சொல் பொறுக்காமல்!

இன்றைக்கு வருவோம். இந்த ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம். எட்டு வயது மகள் மீட்கப்பட்டாள், கடத்தியவன் பிடிபட்டான். இனி எழுத என்ன இருக்கிறது என்கிறார்கள். முதலில் ஒரு கெடு இருக்கிறது. பிணைப்பணத்துக்காகக் கடத்திய வழக்கில், ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது அவன் உரிமை. எண்பதாம் நாள் அந்த வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்?

அடுத்தது, கடத்தியவன் பணம் கேட்டுப் பேசிய அந்த போன். பணம் கேட்டதை நிரூபித்தால் மட்டும் போதாது. கொல்வேன், காயப்படுத்துவேன் என்ற மிரட்டலோ, அப்படி அஞ்சவைக்கும் நடத்தையோ நிரூபணமாக வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அது இல்லையென்றால் ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அதிகபட்சம் 7 ஆண்டுக்குரிய வெறும் கடத்தலாகச் சுருங்கிவிடும். மிரட்டலைக் கேட்டவர் அப்பா ஒருவர்தான். பயத்தில் பதிவை அழித்துவிட்டார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இது குடும்பக் கதையா, த்ரில்லரா? இரண்டும்தான், ஐயா, பிரிக்கவே முடியாது.

பிள்ளையின் மனத்துக்குள் போவோம். 1976இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லாவில் ஒரு பள்ளிப் பேருந்தைக் கடத்தி, 26 பிள்ளைகளையும் ஓட்டுநரையும் ஒரு கல்குவாரியில், மண்ணுக்கடியில் புதைத்த வண்டிக்குள் அடைத்தார்கள். சுமார் 16 மணி நேரம் கழித்து அவர்களே வெளியேறினார்கள். ஒரு பிள்ளைக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எதிரணிக் கணக்கில் சுபம்! ஆனால் மனநல மருத்துவர் லெனோர் டெர் நான்கைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும், அவர் சந்தித்த ஒவ்வொரு பிள்ளையிடமும் பாதிப்பு இருந்தது. நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடினார்கள். அன்று காலை நடந்த சின்ன விஷயங்களைச் சகுனமாக நினைத்து, முன்பே தெரிந்திருக்க வேண்டுமே என்று தங்களையே குற்றம் சொன்னார்கள். அந்தக் குழந்தைகளைக் கடைசி இரண்டு பக்கத்தில் சிரிக்க வைத்து அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை.

இங்கேதான் பல நாவல்கள் தடுக்கி விழுகின்றன. மூன்றாம் நாளே டாக்டர் 'பி.டி.எஸ்.டி.', அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு என்று அறிவிக்கிறார். அந்தப் பெயரைச் சூட்ட அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். ஒரே அமர்வில் பிள்ளை எல்லாவற்றையும் கொட்டி அழுது குணமாகிறாள். அப்படி ஒரே மூச்சில் சொல்ல வைப்பதை இன்று பரிந்துரைப்பதில்லை. உள்ளபடி நடக்கும் சிகிச்சை வாராவாரம், பன்னிரண்டு பதினாறு அமர்வு போகும். முதலில் மூச்சையும் பயத்தையும் கையாளப் பழக்குவார்கள். பிறகு நடந்ததைத் துண்டு துண்டாகச் சொல்ல வைப்பார்கள். பெற்றோருக்கும் தனியே அமர்வு உண்டு. நாவலாசிரியருக்கு ஒவ்வொரு அமர்வும் ஓர் அத்தியாயம். புதிய துண்டு ஒன்று வெளிவரும்போதெல்லாம் வழக்கே திசை மாறலாம்.

மாறத்தான் செய்யும். ஏனென்றால் ஆறுவதற்கு அவள் பேச வேண்டும். வழக்கு நிற்பதற்கு அவளை யாரும் பேசப் பழக்கியிருக்கக் கூடாது. அப்பா ஆத்திரத்தில் வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டி "இவன்தானேம்மா?" என்று கேட்டாலே போதும், பலருக்கு நடுவே நிறுத்தி அவனை அவள் அடையாளம் காட்டும் அடையாள அணிவகுப்பு வலுவிழந்துவிடும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவள், சத்தியப் பிரமாணம் இல்லாமலே சாட்சி சொல்லலாம். உண்மை பேச வேண்டும் என்பது புரிகிறதா என்று நீதிபதி முதலில் இரண்டு மூன்று கேள்வி கேட்பார். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, பொய் சொல்லலாமா? பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுவார். குரலை உயர்த்த மாட்டார். "கண்ணு, கோர்ட்டில என்ன சொல்லணும்னு வீட்டில யார் சொல்லிக் கொடுத்தாங்க?" இராத்திரியெல்லாம் பக்கத்தில் படுத்து, பயப்படாமல் சொல்லு என்று தைரியம் சொன்னவள் தாய். பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அம்மா" என்று சொல்ல வாயெடுக்கிறாள்.

இதைவிட நெஞ்சு பதறும் ஓரிடத்தைப் பணப்பை கைமாறும் காட்சியில் எதிரணி நண்பர்கள் காட்டட்டும், நடுவர் அவர்களே. அமர்கிறேன்.