உறைபனிக் காலையில் ஒரு புல்லட் பயணம்

நேயர்களுக்கு வணக்கம். பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் பலர், மார்கழி பிறந்ததும் அதைத் தார்ப்பாயால் மூடி ஓரமாக நிறுத்திவிடுகிறார்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் இரும்பு சிலிண்டர் கொண்ட அந்த வண்டி மலையேறுவதற்கு ஆண்டில் இதைவிட நல்ல காலம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். சென்ற தை மாதத்தில் உதகையிலிருந்து கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, பர்லியார், குன்னூர் வழியாக மாலைக்குள் ஏறி வந்த ஒரு நாளைக் கொண்டே அதைச் சொல்கிறேன்.

என்னுடையது என் தந்தையார் ஓட்டிய, திருவொற்றியூரில் உருவான 1978ஆம் ஆண்டு வண்டி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த புல்லட்டை நம் ராணுவம் எல்லைக் காவலுக்குத் தேர்ந்தெடுத்ததன் தொடர்ச்சியாகவே, 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. 346 சிசி எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 90 மில்லிமீட்டர். இப்படி நீண்ட வீச்சு உள்ள எஞ்சின் அவசரமாகச் சுழலாது. குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுக்கும்.

அன்று காலை புல்வெளி முழுவதும் உப்புத் தூவியதுபோல உறைபனி படிந்திருந்தது. அந்தக் குளிரில் ஆயில் கெட்டியாகிக் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், முதலில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து முறை கிக்கரை மிதித்து அவற்றைப் பிரித்துவிட வேண்டும். குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. ஆகவே பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டித்தரும் சோக் அவசியம். பிறகு சாவியைத் திருப்பி, சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்தபடி, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு உடல் எடையோடு ஒரே மிதி. முரட்டுத்தனமாக மிதித்தால் கிக்கர் திருப்பியடித்துக் கணுக்காலைப் பதம்பார்த்துவிடும். என் தந்தையார் எனக்குக் கற்றுத்தந்தவற்றில் நான் மிகவும் மதிப்பது இந்த நிதானத்தைத்தான். மூன்றாவது மிதியில் எஞ்சின் உயிர்பெற்றது. ஆயில் மேலே ஏறும்வரை சில நிமிடங்கள் அதை அப்படியே ஓடவிட்டேன்.

கோத்தகிரிச் சாலையில் சோலை நிழல் விழும் வளைவுகள் காலை பத்து மணிவரை ஈரமாகவே இருக்கும். டிரம் பிரேக்கை நம்பி அங்கே வேகமாக இறங்கக் கூடாது; இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட வேண்டும். இரண்டு சட்டைகளுக்கு இடையே செய்தித்தாளைச் செருகியிருந்தும் விரல்கள் மரத்துப்போயின என்பதை மறைக்க விரும்பவில்லை.

மேட்டுப்பாளையத்தில் ஒரு வேலை இருந்தது. உதகை கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதற்கேற்பப் பெட்ரோலும் குறைவாகச் செல்லும்படி, அதன் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியை ஒரு பள்ளம் இறக்கி வைத்திருந்தேன். அதே அளவில் அடிவாரத்திலிருந்து ஏறினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும். ஆகவே ஊசியைப் பழையபடி ஏற்றினேன்.

பிறகு பர்லியார் ஏற்றம். சித்திரை வெயிலில் இதே இடத்தில் எஞ்சின் கொதித்து, இழுவை குறைந்து, டங்டங்கென்று தட்டும் ஓசை எழ, மர நிழலில் அரைமணி நேரம் நிறுத்தியிருக்கிறேன். காற்றால் மட்டுமே குளிர வேண்டிய இரும்பு சிலிண்டருக்குத் தை மாதக் காற்று அப்படியொரு துணை. கொண்டை ஊசி வளைவுகள் 14ஐயும் ஒருமுறைகூட நிறுத்தாமல், மூன்றாவது கியருக்கும் இரண்டாவது கியருக்கும் மாறிமாறி ஏறினேன். அந்த நிதானமான, ஒவ்வொன்றாக எண்ணிவிடக்கூடிய துடிப்பைக் கேட்டவாறே ஏறிய அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே நான் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறேன்.

குன்னூரில் காற்று மெலிந்து பெட்ரோல் மிகுந்துபோக, புகை கறுக்கத் தொடங்கியது. ஊசியை மறுபடி இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தேன். மறுநாள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் முனை வறுத்த காப்பிப் பொடியின் நிறத்தில் இருந்தது. பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து எரிந்ததற்கு அதுவே அடையாளம்.