275 லிட்டர் கொட்டினா 165 லிட்டர்தான் வருது! மீதி எங்க போச்சு?

(காட்சி: கலவை மெஷின் சுத்துது)

ஒரு மூட்டை சிமெண்ட், 35 லிட்டர். மணல் 70 லிட்டர், ஜல்லி 140 லிட்டர், தண்ணி ஒரு 30 லிட்டர். நம்ம ஊர்ல காலங்காலமா போடுற ஒண்ணுக்கு ரெண்டுக்கு நாலு கலவை. கூட்டிப் பாருங்க, 275 லிட்டர். மெஷினைக் கவுத்து வெளிய வர்ற கான்கிரீட்டை அளந்தா 160, மிஞ்சிப் போனா 165 லிட்டர். நூறு லிட்டருக்கு மேல காணோம்! மேஸ்திரியைச் சந்தேகப்படாதீங்க, அவர் பாவம். காணாமப் போனது எல்லாமே காத்து.

(காட்சி: வாளி நிறைய ஜல்லி)

20 லிட்டர் வாளியில முக்கால் இன்ச் ஜல்லியை விளிம்பு வரைக்கும் நிரப்புங்க. வாளி நிறைஞ்சிருச்சா? இப்ப அதுலயே மக் வெச்சு தண்ணி ஊத்துங்க. எட்டு லிட்டருக்கு மேல வாங்கும், ஒரு சொட்டு வழியாது. ஜல்லி வாளியில நாப்பது சதவீதத்துக்கு மேல வெறும் இடைவெளிதான். அந்த இடைவெளியில மணல் உக்காரணும், மணலோட இடைவெளியில சிமெண்டும் தண்ணியும் உக்காரணும். கான்கிரீட்டுங்கிறதே இந்த அடுக்கு விளையாட்டுதான். காய்ஞ்ச சாமான் எவ்வளவு வேணும்னு கணக்கு போடும்போது இஞ்சினியர்கள் கான்கிரீட் அளவை 1.54-ஆல பெருக்குறது இதுக்காகத்தான்.

கணக்குப் பக்கம் ஒரே நிமிஷம், ஓடிருவோம். ஒரே சைஸ் உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் இருக்கிற இடத்துல 74 சதவீதத்துக்கு மேல நிரம்பாதுன்னு வானியல் அறிஞர் கெப்ளர் 1611-ல சொன்னார். பழக்கடையில ஆரஞ்சை கோபுரமா அடுக்குறாங்க பாருங்க, அதே அடுக்குதான். அதை நிரூபிக்க 1998 வரைக்கும் ஆச்சு. கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் கம்ப்யூட்டர் துணையோட நிரூபிச்சார். சரிபார்க்க உக்காந்த நிபுணர் குழு வருஷக்கணக்கா மல்லுக்கட்டிட்டு, 99 சதவீதம் சரின்னு சொல்லிட்டுக் கையை விரிச்சிருச்சு. மீதி ஒரு சதவீதத்துக்காக மனுஷன் 2014 வரைக்கும் திரும்ப வேலை பார்த்தார். பழக்கடைக்காரர் இதுக்கெல்லாம் காத்திருக்கல.

அடுக்காம சும்மா கொட்டினா 60 சதவீதம், நல்லா குலுக்கினா 64. அரிசியைப் படியில அளக்கும்போது ஒரு தட்டு தட்டினா கொஞ்சம் இறங்குது பாருங்க, அது இதான். மணல் லாரி ஏத்துன இடத்துல கும்முனு இருந்துட்டு உங்க வாசல்ல வந்து நிக்கும்போது கொஞ்சம் அமுங்கி இருக்கிறதும் இதேதான்.

சரி, இப்பதான் எனக்குப் பிடிச்ச இடம். வீடு கட்டுறவங்க சவுண்டைக் கூட்டி வெச்சுக்கோங்க.

மணல்ல தண்ணி ஊத்தினா மணல் அமுங்கும்னுதானே நினைப்பீங்க? லேசா ஈரமாக்கினா உப்பும்! எடையில 5 சதவீதம் வாக்குல ஈரம் இருக்கிற மணல், காய்ஞ்ச மணலை விட 25 சதவீதம் கூடுதல் இடம் பிடிக்கும். ரொம்ப நைஸ் மணல்னா 40 வரைக்கும் போகும். காரணம், ஒவ்வொரு மணலைச் சுத்தியும் மெல்லிசா ஒரு தண்ணிப் படலம். பரப்பு இழுவிசை பக்கத்து மணலோட அதைக் கோத்துப் பிடிச்சுக்குது, கீழ சரிஞ்சு இடைவெளியில போய் உக்கார விடமாட்டேங்குது. கடற்கரையில ஈர மணல்லதானே கோட்டை நிக்குது? காய்ஞ்ச மணல் சரிஞ்சிரும், அலை வந்து மூழ்கடிச்சாலும் சரிஞ்சிரும். ஏன்னா தண்ணி முழுசா மூடிட்டா படலமே இல்ல, பிடியும் இல்ல. மணல் திரும்பவும் காய்ஞ்ச அளவுக்கே வந்துரும். நைஸ் மணல்ல பரப்பு அதிகம், அதனால உப்பலும் அதிகம். கல்லை உடைச்சு தயாரிக்கிற எம்-சாண்டும் உப்பும், "அது ஆத்து மணலுக்கு மட்டும்தான் சார்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

பணக்கணக்கு போடுவோமா? ஒரு யூனிட்னா 100 கன அடி. 25 சதவீதம் உப்பின மணலா இருந்தா உண்மையில உங்களுக்கு வந்தது 80 கன அடி. லாரிக்காரர் ஏமாத்தவே இல்ல, டேப் வெச்சு அளந்தாலும் 100 காட்டும்! இந்த ஒரு காரணத்துக்கே மணலை எடையில வாங்குறது நல்லதுன்னு நான் சொல்வேன். ஈரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுப்போம்தான், ஆனா அது அஞ்சு சதவீதம். உப்பலுக்குக் கொடுக்கிறது இருபது.

(காட்சி: கண்ணாடி அளவு ஜாடி)

எவ்வளவு உப்பியிருக்குன்னு கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் போதும். 250 மில்லி அளவு ஜாடியில ஈர மணலை 200 கோடு வரைக்கும் போடுங்க. அமுக்காதீங்க, அமுக்கினா சோதனையே போச்சு. குவியலோட மேல் மணல் வெயில்ல காய்ஞ்சிருக்கும், அதனால உள்ளே கை விட்டு எடுங்க. மணல் முழுசா மூழ்குற வரைக்கும் தண்ணி ஊத்தி, குச்சியால கிளறி, அப்படியே விடுங்க. மணல் 160-ல போய் நின்னுச்சுன்னு வைங்க. 200-ஐ 160-ஆல வகுத்தா 1.25. அதாவது 25 சதவீத உப்பல். ஜாடி இல்லையா? நேரா இருக்கிற கண்ணாடி டம்ளரும் ஒரு ஸ்கேலும் போதும், உயரத்தை அளந்து அதே வகுத்தல்.

இப்ப முதல் கலவைக்கு வாங்க. 35 லிட்டர் பெட்டியில அளந்தா, ரெண்டு பெட்டி மணல் போட வேண்டிய இடத்துல ரெண்டரைப் பெட்டி போடணும். அந்த ரெண்டரைப் பெட்டியில 5 சதவீத ஈரம்னா அஞ்சரை லிட்டர் தண்ணி ஒளிஞ்சிருக்கு. அதனால 30 ஊத்துற இடத்துல இருபத்தஞ்சுக்குள்ள நிறுத்துங்க.

திருத்தாம போட்டா? ரெண்டு பெட்டியில நிஜ மணல் 56 லிட்டர்தான். ஜல்லி இடைவெளியை அடைக்கிற சாந்து குறையுது. கம்பி நெருக்கமா இருக்கிற இடத்துலயும் தூணோட அடியிலயும் ஜல்லி தனியா பல்லைக் காட்டும், பலகையைப் பிரிச்சா தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். மேல சிமெண்ட் பூசி மறைச்சா உள்ள கம்பி துருப்பிடிக்கும். இன்னொரு பக்கம் மணல்ல ஒளிஞ்ச நாலரை லிட்டர் தண்ணி சத்தமில்லாம சேருது. 50 கிலோ சிமெண்டுக்கு 30 லிட்டரா இருந்தது முப்பத்தி நாலரை. இந்த மாதிரி எம்15-ங்கிற வலிமைத் தரக் கலவைக்கு, ஐ.எஸ். 456-ங்கிற இந்திய கான்கிரீட் விதித் தொகுப்பு வெச்சிருக்கிற உச்சவரம்பே மூட்டைக்கு 32 லிட்டர்தான். வலிமையை அங்கேயே தண்ணியில கரைச்சாச்சு.

ஜல்லி உப்புமான்னு கமெண்ட்ல வரும், முன்னாடியே சொல்லிடறேன்: கண்டுக்கற அளவுக்கு உப்பாது. கல்லோட எடைக்கு முன்னாடி தண்ணிப் படலம் ஒண்ணும் பண்ண முடியாது.

மருந்து கம்பெனியிலயும் இதே தலைவலி உண்டு. மாத்திரை மெஷின் குழியைக் கொள்ளளவுலதான் நிரப்பும். பொடி ஈரம் பிடிச்சு சரியா இறங்கலைன்னா மாத்திரைக்கு மாத்திரை எடை மாறும். ஆல்கஹால் 50 மில்லி, தண்ணி 50 மில்லி கலந்தா 100 வராது, 96 சொச்சம்தான் வரும். அது மூலக்கூறு சமாச்சாரம், தனி வீடியோ போடணும்.

நாளைக்கு கான்கிரீட் போடப்போற நண்பர் யாராவது இருந்தா இந்த வீடியோவை இன்னைக்கே அனுப்புங்க. மழை விட்ட மறுநாள் கான்கிரீட்னா காலையில ஒரு தடவை, வெயில் ஏறின பிறகு இன்னொரு தடவை ஜாடியைப் பாருங்க. உங்க மணல் எந்தக் கோட்டுல போய் நின்னுச்சுன்னு கீழ எழுதுங்க. ஆத்து மணலா, எம்-சாண்டான்னும் சேர்த்து எழுதுங்க.